உரசுற இடம் ஒண்டு, பழுதான இடம் வேறொண்டு

இந்த வார ஒலிபரப்பைக் கேட்டவர்களுக்குத் தெரியும். சர்வர் விழுந்தால் முதலில் ரீஸ்டார்ட் பண்ணுவதா, லொக்கைத் திறந்து பார்ப்பதா என்று நாங்கள் இருவரும் அரை மணித்தியாலம் சண்டை பிடித்தோம். நான் லொக் பக்கம். காரணம் தெரியாமல் எதையும் தொடக் கூடாது என்று பெரிய நியாயவான் மாதிரிக் கதைத்தேன்.

ஒலிப்பதிவு முடிந்து வீட்டுக்கு வந்தால் கராஜில் என் கார் நிற்கிறது. அதைப் பார்த்தவுடன் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது. ஏனெண்டால் போன கோடை முழுக்க அந்தக் காரில நான் செய்தது நேரெதிர். அந்தக் கதையைச் சொல்லாமல் நான் அந்தப் பக்கம் நின்று வாதாடினது நியாயம் இல்லை. ஆகவே இந்த வாரக் கடிதம் அதைப் பற்றித்தான்.

கார் 2007 மஸ்டாங் ஜிடி. வி8 எஞ்சின், பின் சக்கரம் ஓட்டுற கார். அதில் நான் ஆட்டோகிராஸ் ஓடுகிறேன். இங்கே கனடாவில் அதற்கு ஆட்டோஸ்லாலம் என்றும் பெயர். தெரியாதவர்களுக்கு: ஒரு பெரிய வெற்றுப் பார்க்கிங் லொட்டில் செம்மஞ்சள் கூம்புகளை வைத்துப் பாதை போடுவார்கள். ஒவ்வொருவராக நேரத்துக்கு எதிராக ஓட வேண்டும். ஒரு ஓட்டம் பெரும்பாலும் ஒரு நிமிசத்துக்குள் முடிந்துவிடும். ஒரு கூம்பைத் தட்டினால் 2 செக்கன் தண்டம். வேகத்தைவிடத் திருப்பம்தான் முக்கியம். அதனால் எல்லாரும் அகலமான டயர் போட ஆசைப்படுவார்கள். நானும் ஆசைப்பட்டேன்.

கம்பனி ரிம் 8.5 அங்குல அகலம். நான் 10 அங்குல ரிம் வாங்கினேன். ஓஃப்செட் அதேதான். கணக்கு சின்னது: 1.5 அங்குலம் கூடினால் 38 மில்லிமீற்றர். ஓஃப்செட் மாறாவிட்டால் அது சரிபாதியாகப் பிரியும், உள்ளுக்கு 19, வெளியே 19. அதோடு காரையும் பதித்தேன். வீட்டு வாசலில், ஜாக் ஸ்டாண்டில் ஏற்றி, ஒரு சனிக்கிழமை நானே ஸ்பிரிங் மாற்றினேன். பின் ஆக்சிலைக் கீழே இறக்க இடம் போதாததால் இடையில் ஒரு போல்ட்டைக் கழற்றி, பிறகு பூட்டினேன். இந்த ஒரு வசனத்தை ஞாபகம் வைத்திருங்கோ.

அடுத்த போட்டியிலேயே சத்தம் தொடங்கியது. இடப்பக்கம் திரும்பும்போது மட்டும் வலது பின் டயர் உள்ப்பக்கம் உரசியது. நேராக ஓடினால் ஒன்றும் இல்லை. வலப்பக்கம் திரும்பினாலும் ஒன்றும் இல்லை. டயரின் உள்ச் சுவரில் வட்டமாக ஒரு மினுங்கல் கோடு.

நான் என்ன செய்தேன்? டயர் உள்ளுக்கு உரசினால் வெளியே தள்ள வேண்டும், அவ்வளவுதானே. இரண்டு பக்கமும் 5 மில்லிமீற்றர் ஸ்பேசர் போட்டேன். வலப்பக்கச் சத்தம் நின்றது. அடுத்த கிழமை இடது பின் டயர், பள்ளத்தில் விழும்போதெல்லாம் மட்கார்ட் விளிம்பில் அடிக்கத் தொடங்கியது. பழுது போகேல்ல, வீடு மாறிட்டுது.

சரி, மட்கார்ட் விளிம்பை உள்ளுக்கு மடக்குவோம் என்று சூடாக்கி உருளையால் உருட்டினோம். பெயின்ட் வெடித்தது. பிறகு பின்னால் இருந்து "டொக்" என்று ஒரு சத்தம் வர, டிஃபரன்ஷியலில் பல்லுக்குப் பல் இடைவெளி கூடிவிட்டது என்று நானே முடிவு கட்டினேன். ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியிடமும் கேட்டேன். அது ஏழு உதிரிப்பாகம் கொண்ட பட்டியல் தந்தது. பிழையான பட்டியல் எண்டு சொல்ல மாட்டன். ஏழுமே இந்தப் பழுதுக்குக் காரணமாக இருக்கக் கூடியவைதான். ஆனால் என் காரில் எந்த இடைவெளி எத்தனை மில்லிமீற்றர் என்று அதுக்கு நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கும் தெரியாது. நான் அளக்கவேயில்லை.

அதுவரைக்கும் 600 டொலருக்கு மேல் போய்விட்டது.

அப்போதுதான் என் சித்தப்பாவின் மகள் வீட்டுக்கு வந்தாள். அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்தை ஒரு வருசத்தில் விட்டுவிட்டு மெக்கானிக் பயிற்சியில் சேர்ந்தவள். ஒன்ராறியோவில் அதற்கு 310எஸ் என்ற உரிமம் எடுக்க வேண்டும். வேலையிடத்தில் பயிற்சி, இடையிடையே கல்லூரி வகுப்பு, கடைசியில் பரீட்சை. எங்கட குடும்பத்தில் இன்றைக்கும் அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். "அவள் நல்லாப் படிக்கக் கூடிய பிள்ளை..." என்று தொடங்கி முடிக்க மாட்டார்கள். கொம்பியூட்டர் சயன்ஸ் படித்த என்னைப் பற்றிச் சொல்லும்போது யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை.

அவள் காரைச் சுற்றி ஒருக்கா நடந்தாள்.

"அண்ணா, ரெண்டு பக்கமும் எவ்வளவு இடைவெளி?"

"வலப்பக்கம் காணாது."

"காணாது எண்டால் எவ்வளவு?"

நான் பேசாமல் நின்றேன்.

"ஸ்பேசரைக் கழட்டுங்கோ முதல். நீங்கள் மாத்தினதுக்கு மேல நான் அளந்தால் உங்கட மாத்தத்தைத்தான் அளப்பன். காரை அளக்க மாட்டன்."

இதை நான் வேலையில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! பழைய நிலைக்குத் திருப்பி வைத்துவிட்டுப் பிறகு சோதி என்று.

அவள் கேட்ட சாமான் ஒரு நூல், ஒரு பழைய நட், ஒரு அடிமட்டம். காரைச் சமதரையில் நிறுத்தி, இரண்டு பின் டயருக்கும் ஒரே காற்றழுத்தம் வைத்தாள். என்னை டிரைவர் சீற்றில் இருக்கச் சொன்னாள், ஓடும்போது இருக்கிற பாரம் அளக்கும்போதும் இருக்க வேண்டும் என்று. மட்கார்ட் விளிம்பில், சக்கரத்தின் நடுவுக்கு நேர் மேலே நூலை ஒட்டி, நுனியில் நட்டைக் கட்டித் தொங்கவிட்டாள். நூலில் இருந்து ரிம் விளிம்புக்கு எவ்வளவு தூரம் என்று பார்த்தாள்.

இடப்பக்கம் 9 மில்லிமீற்றர். வலப்பக்கம் 19.

"மட்கார்ட் கம்பனியில இருந்து வரேக்கயே ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் எண்டு நம்பக் கூடாது" என்று சொல்லி, கீழே போய்ச் சட்டத்தில் இருந்து டயரின் உள்ச் சுவருக்கும் அளந்தாள். அதுவும் அதே கதையைத்தான் சொன்னது. ஆக்சில் முழுவதும் இடப்பக்கம் தள்ளி நின்றது. எவ்வளவு? 10 மில்லிமீற்றர் என்று நான் சொன்னேன். 5 என்று அவள் சொன்னாள். ஆக்சில் 5 மில்லிமீற்றர் இடப்பக்கம் போனால் இடப்பக்கம் 5 குறையும், வலப்பக்கம் 5 கூடும், வித்தியாசம் 10. பாதியைத்தான் திருத்த வேண்டும். முழுசையும் திருத்தினால் அதே பழுது மற்றப் பக்கம் வரும்.

இப்போது ஏன் இடப்பக்கத் திருப்பத்தில் மட்டும் உரசியது என்று விளங்கும். இடப்பக்கம் திரும்பும்போது நிலம் டயர்களை இடப்பக்கம் தள்ளுகிறது. காரின் உடலோ வலப்பக்கம் போகப் பார்க்கிறது. உடலோடு ஒப்பிட்டால் ஆக்சில் இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் நகரும், வலது டயர் உள்ளுக்கு வரும். அதே நேரம் பாரம் முழுக்க வலப்பக்கம் சாய்ந்து அந்தப் பக்கம் பதியும். ஏற்கெனவே 5 மில்லிமீற்றர் கடன்பட்டிருந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் போனால் என்ன மிஞ்சும்?

அப்ப ஆக்சில் ஏன் தள்ளி நின்றது? இந்த மஸ்டாங்கில் பின் ஆக்சில் ஒரே துண்டு, லொறி மாதிரி. 2015 மாடலில்தான் மஸ்டாங்கின் எல்லா வகைகளுக்கும் இரண்டு சக்கரமும் தனித்தனியே அசையும் பின் சஸ்பென்ஷன் வந்தது. ஒரே துண்டு ஆக்சில் பக்கவாட்டில் ஓடாமல் பிடிக்க ஒரு குறுக்குத் தண்டு இருக்கும். பழைய பிரெஞ்சுக் கார்க் கம்பனி ஒன்றின் பெயரால் அதைப் பன்ஹார்ட் பார் என்பார்கள். என் காரில் அதன் ஒரு முனை உடலில் வலப்பக்கம், மற்ற முனை ஆக்சிலில் இடப்பக்கம். தண்டு சரிந்து நிற்கும். காரைப் பதித்தால் சரிவு குறையும். சரிவு குறைந்தால் தண்டு கிடைக்கோட்டுக்குக் கிட்டப் போய் ஆக்சிலை இடப்பக்கம் தள்ளும்.

பத்தாம் வகுப்பு பைத்தகரஸ்தான். உதாரணத்துக்குத் தண்டின் நீளம் 1000 மில்லிமீற்றர், இரண்டு முனைக்கும் உயர வித்தியாசம் 100 என்று வைப்போம். கிடைத்தூரம் 995. காரை 40 மில்லிமீற்றர் பதித்தால் உயர வித்தியாசம் 60 ஆகும். கிடைத்தூரம் 998.2. ஆக்சில் 3 மில்லிமீற்றர் சொச்சம் நகர்ந்துவிட்டது. யாரும் பிழை விடவில்லை, இது வெறும் கேத்திரகணிதம்.

நான் துள்ளினேன். "சரி, நீளம் மாத்தக் கூடிய பார் ஒண்டு வாங்குவம்!" ஃபோனைக் கையில் எடுத்தும் விட்டேன்.

"பொறுங்கோ அண்ணா. கணக்கு மூண்டு எண்டு சொல்லுது, நூல் அஞ்சு எண்டு சொல்லுது. மிச்சம் ரெண்டு எங்க?"

உண்மையைச் சொல்லப் போனால் நான் அந்த இரண்டு மில்லிமீற்றரை விட்டிருப்பேன். அளவில் ஏதோ பிழை என்று சொல்லிக் கடந்திருப்பேன்.

அவள் டோர்ச்சோடு காருக்குப் பின்னால் தரையில் படுத்தாள். கார் நிலத்தில்தான் நின்றது. என்னைப் பின் மட்கார்டுக்கு மேலே கை வைத்து உடலைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளி விடச் சொன்னாள். தள்ளினேன். "டொக்." திரும்பத் தள்ளினேன். "டொக்." டிஃபரன்ஷியல் பல்லு என்று நான் சொன்ன அதே சத்தம்.

"வந்து பாருங்கோ."

பன்ஹார்ட் பாரின் ஆக்சில் பக்க முனை. நான் தள்ள, அந்த போல்ட் துளைக்குள் ஆடியது. போல்ட் தலையைச் சுற்றி ஊத்தையும் உப்புக் கறளும் இருக்க வேண்டிய இடத்தில் புதுச் சில்லறைக் காசு மாதிரி மினுக்கம். துளை வட்டம் கெட்டு முட்டை வடிவத்துக்குப் போகத் தொடங்கியிருந்தது. நட் இன்னும் நிற்கத்தான் செய்தது. ஆனால் கையால் சுத்தலாம்.

அந்த போல்ட்டைக் கடைசியாகத் தொட்டது யார்? கிட் பிளேம் போட்டுப் பார்த்தால் என் பெயர்தான் வரும். ஸ்பிரிங் மாற்றிய சனிக்கிழமை, காரை ஜாக் ஸ்டாண்டில் வைத்துக்கொண்டே, டோர்க் ரெஞ்ச் எடுக்காமல், கை உணர்ச்சியில் பூட்டிய போல்ட். அதில் இன்னொரு பிழையும் இருக்கிறது. ரப்பர் புஷ் உள்ள முனைகளைச் சக்கரம் தொங்கும்போது இறுக்கக் கூடாது. காரின் பாரம் சக்கரத்தில் இறங்கி நிற்கும் உயரத்தில்தான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்குண்டு நின்று கெதியில் கிழியும்.

அந்த போல்ட் கழன்று விழுந்திருந்தால்? ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடிக்க வேறு தண்டு இல்லை. மற்றக் கைகளின் ரப்பர்தான் மிச்சம். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருக்க, காரின் பின்பக்கம் தன் பாட்டில் திசை மாற்றும். பார்க்கிங் லொட்டில் என்றால் நாலு கூம்பு போயிருக்கும். ஆனால் நான் அந்தக் காரில்தான் ஒவ்வொரு போட்டி முடிந்தும் 401 நெடுஞ்சாலையால் வீட்டுக்கு வந்தேன். அதே காரில்தான் செவ்வாய்க்கிழமைகளில் மகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப் போனேன். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

என் கருத்தைச் சொல்ல இப்போது உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஒன்றை மாற்றிப் போட்டால் பழுது போய்விடலாம். ஆபத்தே அங்கேதான். யோசித்துப் பாருங்கோ: தங்கச்சி வராமல், நான் நேரே புதுப் பார் வாங்கிப் பூட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும்? பழைய போல்ட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். இந்த முறை ஒருவேளை ஒழுங்காக இறுக்கியிருப்பேன். சத்தமும் உரசலும் நின்றிருக்கும். துளை கெட்டது மட்டும் உள்ளே அப்படியே இருந்திருக்கும். நானோ "இந்தக் காரில கம்பனிப் பார் சரியில்லை, புதுசு போடுங்கோ" என்று எல்லாருக்கும் புத்தி சொல்லித் திரிந்திருப்பேன். பிழையான பாடத்தை வெற்றியோடு படித்திருப்பேன். அப்படிப் படித்தவர்கள் பத்துப் பேர் சொன்னதுதான் அந்த ஏழு உதிரிப்பாகப் பட்டியல்.

எங்கள் தொழிலில் இதை நாங்கள் தினமும் செய்கிறோம். சேவை பதில் தரவில்லையா, டைம்அவுட்டைக் கூட்டு. மெமரி நிரம்புகிறதா, பெரிய மெஷின் எடு. நான் மணித்தியாலக் கணக்கில் சம்பளம் வாங்கும் கொன்ட்ராக்டர். ஆறு மாசத்தில் வேறு இடம் போய்விடுவேன். அந்த இரண்டு மில்லிமீற்றரைத் தேடச் சொல்லி யாரும் எனக்குக் காசு தருவதில்லை. ரிக்கெற்றை மூடினால் போதும். நான் ஸ்பேசர் போட்டுவிட்டு வந்த கோட் எத்தனை கம்பனியில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறதோ தெரியாது.

அவளுடைய தொழிலில் வேலைத் தாளில் அவள் பெயர் இருக்கும். ஒரு போல்ட் தளர்ந்தால் யார் பூட்டியது என்று தெரியும். குரலைத் தாழ்த்திச் சொல்ல வேண்டிய தொழில் எது என்று எனக்கு இப்போது சரியாகத் தெரியவில்லை.

"எல்லாத்தையும் அளந்துகொண்டிருக்க நேரம் இல்லை" என்று நீங்கள் சொல்லலாம். நியாயம்தான். 20 டொலர் ரப்பரை மாற்றிப் பார்ப்பது, அதை ஒரு மணித்தியாலம் ஆராய்வதைவிட மலிவாக இருக்கலாம். அப்படி மாற்றுவதும் ஒரு சோதனைதான். ஆனால் இரண்டு நிபந்தனை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சரிவராவிட்டால் பழையபடி திருப்பி வையுங்கள். நான் இரண்டையும் செய்யவில்லை. ஸ்பேசருக்கு மேல் மட்கார்டை உருட்டினேன், அதற்கு மேல் டிஃபரன்ஷியலைப் பிரிக்க வெளிக்கிட்டேன்.

உயிரோடு தொடர்புள்ள இடம் என்றால் அந்தக் குறுக்கு வழியும் இல்லை. அன்றைக்கு அவள் அந்த போல்ட்டோடு நிற்கவில்லை. காரை உயர்த்திச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தாள், பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று. இந்த 8.8 அங்குல ஆக்சிலில் பேரிங் உருளைகள் நேரடியாக ஆக்சில் தண்டின் மேலேயே ஓடும். பேரிங் போனால் தண்டும் சேர்ந்து தேயும். பிறகு உள்ளும் வெளியும் இழுத்துப் பார்த்தாள். கொஞ்சம் அசைவது வழமை, ஏனெண்டால் தண்டைப் பிடித்து வைத்திருப்பது உள்ளே இருக்கும் இங்கிலிஷ் 'சி' வடிவக் கிளிப் ஒன்றுதான். அந்தக் கிளிப்போ தண்டின் நுனியோ உடைந்தால் சக்கரம் தண்டோடு வெளியே வந்துவிடும். பிரேக் பக்கம் கியர் ஒயில் கசிகிறதா என்றும் பார்த்தாள். எல்லாம் நல்லாத்தான் இருந்தது. நான் பிரிக்க நினைத்த டிஃபரன்ஷியலில் ஒரு பிழையும் இல்லை.

முடிவு இதுதான். கெட்ட துளைக்கு மேல் தடித்த தகடு ஒன்றை வெல்ட் பண்ணி, புது போல்ட் போட்டு, கார் நிலத்தில் நிற்கும்போது டோர்க் ரெஞ்சால் இறுக்கினாள். திரும்ப நூலைத் தொங்கவிட்டோம். இடப்பக்கம் 11, வலப்பக்கம் 17. ஆக்சில் இப்போது 3 மில்லிமீற்றர் தள்ளி நிற்கிறது. கணக்குச் சொன்ன அதே மூன்று. அதற்குப் பிறகுதான் நீளம் மாற்றும் பார் வாங்கினோம். இரண்டு பக்கமும் 14 ஆனது. ஸ்பேசர் இப்போதும் பெட்டிக்குள்தான் கிடக்கிறது.

ஓட்டத்தில் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று பார்க்க, மகளின் விளையாட்டுக் களிமண்ணில் கொஞ்சம் எடுத்து டயருக்கு எதிரே உள்ச் சுவரில் ஒட்டிவிட்டு ஒரு போட்டி ஓடினேன். டயர் தொட்டிருந்தால் களிமண் அமுங்கி, மிச்சத் தடிப்பு எவ்வளவு என்று காட்டியிருக்கும். ஒட்டினபடியே இருந்தது. எனக்குத் தெரிந்து உலகத்திலேயே மலிவான சென்சர் அதுதான்.

காரோ கோடோ, நீங்கள் இந்தக் கிழமை எதையாவது திருத்தப் போகிறீர்கள் என்றால் மூன்று விசயம். இரண்டு பக்கத்தையும் அளவுங்கோ, கெட்ட பக்கத்தை மட்டும் இல்லை. கணக்கும் அளவும் ஒத்துப் போகாவிட்டால் அந்த மிச்சத்தை விட்டுவிடாதையுங்கோ. இறுக்கி முடித்த போல்ட்டிலும் நட்டிலும் குறுக்கே ஒரு பெயின்ட் கோடு போட்டு விடுங்கோ. கோடு விலகினால் அது தளருது எண்டு குனிஞ்சு பாத்தவுடனே தெரியும். என் காரில் இப்போது அந்தக் கோடு மஞ்சள் நிறத்தில் இருக்கிறது. ஒவ்வொரு போட்டிக்கு முன்னாலும் பார்க்கிறேன்.

பின் குறிப்பு: தங்கச்சிக்கு அடுத்த மாசம் உரிமப் பரீட்சை. ஒலிபரப்புக்கு வரச் சொல்லிக் கேட்டேன். "பாஸ் பண்ணின பிறகு வாறன், அதுக்கு முதல் உங்கட காரை வேற ஆருக்கும் காட்டாதையுங்கோ" என்றாள். உங்களிடமும் இப்படி, பிழையான இடத்தைத் திருத்திக் காசை விட்ட கதை இருந்தால் இந்தக் கடிதத்துக்குப் பதில் போடுங்கோ. அவள் வரும் நாளில் வாசிப்பம்.